ரெண்டு கையும் ஜன்னலுக்கு வெளியே

மைசூர் விஜயநகரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் எனக்கு இதயக் கோளாறு என்று ஒரு பேச்சு உண்டு. அதற்குக் காரணம் என் இதயம் அல்ல, என் அசட்டுத்தனம்.

போன மாதம் ஒரு காலை. காரைப் பின்னால் எடுக்க வேண்டும், பின்னால் யாரோ ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். என் மனைவி அதை நகர்த்தப் போனாள். நான் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே ஜன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டுவது சுலபமல்ல. என் வயதுத் தொப்பை உள்ளவர்கள் உடம்பை முறுக்கி, கன்னத்தைக் கதவில் அப்பி, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டால்தான் முடியும். அந்தக் கோலத்தை மூன்றாம் மாடி டாக்டர் பார்த்துவிட்டார். பல் டாக்டர். ஓடிவந்து என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். வாட்ச்மேன் முகத்தில் தண்ணீர் அடித்தார். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று நான் சொல்லச் சொல்ல, "பேசாதீங்க, பேசாதீங்க" என்று பல் டாக்டர் என் மார்பை அமுக்கினார். ஸ்கூட்டரை நகர்த்திவிட்டு நிதானமாக வந்த என் மனைவி, கூடியிருந்தவர்களைப் பார்த்து, "அவருக்கு ஒண்ணும் ஆகலை. எப்பவுமே இப்படித்தான்" என்றாள். மாரடைப்பே பரவாயில்லை என்று தோன்றியது.

இந்தப் பழக்கத்தை என் மேல் ஒட்டவைத்துவிட்டுப் போனவர், ரயில் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் வேலையை நடத்திய ஒரு ஷண்டிங் மாஸ்டர்.

அப்போது நான் மைசூருக்கு வெளியே ஒரு சிமென்ட் கிடங்கில் அனுப்புகைப் பிரிவு அதிகாரி. பெயர் பெரிது, வேலை சிறிது. சிமென்ட் ரயிலில் வரும். கிடங்குக்கென்று தனியாக ஒரு தண்டவாளக் கிளை இருந்தது, அதை சைடிங் என்போம். ரயில்வேயின் இன்ஜின் வேகன்களை அங்கே விட்டுவிட்டுப் போய்விடும். எங்கள் பிளாட்பாரமோ குட்டை, எல்லா வேகன்களும் ஒரே நேரத்தில் நிற்க இடமில்லை. அதனால் வரிசையைத் துண்டாக்கி, எங்களுடைய சின்ன டீசல் இன்ஜினால் முன்னும் பின்னும் தள்ளி, இறக்கி, மறுபடி கோத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் ரயில்வே அபராதம் போடும், அபராதம் வந்தால் தலைமை அலுவலகம் மேனேஜரைக் கேட்கும், மேனேஜர் என்னைக் கேட்பார், நான் போய் மாஸ்டரைக் கேட்க வேண்டும். ரயில்பெட்டியின் இரண்டு முனைகளிலும் இடி வாங்குவதற்கென்றே ஒரு பாகம் வைத்திருப்பார்கள். கம்பெனி அந்தச் செலவை மிச்சப்படுத்தி என்னை வைத்திருந்தது.

மாஸ்டர் ரயில்வேயில் ஓய்வு பெற்றுவிட்டு எங்களிடம் வந்தவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் கிறிஸ்தவர். ஆள் கறுப்பு மலை. தலை முழுக்க நரைத்திருக்க, மீசை மட்டும் மை பூசிய கறுப்பில் இருக்கும். அது இயற்கை என்று சாதிப்பார். தன் குரல் தெய்வீகமானது என்ற எண்ணமும் அவருக்கு உண்டு. அவர் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிறுத்தப்பட்டிருந்தது உயரத்தினால் அல்ல என்று அங்கே போய்க் கேட்டவர்கள் சொன்னார்கள். கேரம் ஆடினால் திருடுவார். நம் டிபன் பாக்ஸைத் திறந்து ருசி பார்த்துவிட்டு உப்பு கம்மி என்பார். பழைய மகாராஜா தன் கையைக் குலுக்கியதாக ஒரு கதை சொல்வார். எந்த மகாராஜா, எந்தக் கை என்பது வாரத்துக்கு வாரம் மாறும்.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அசையமாட்டார். இரண்டு வேகன்களுக்கு நடுவில் ஒரு ஆள் நுழைய வேண்டுமென்றால், இன்ஜினில் இருக்கிறவருடைய இரண்டு கைகளும் ஜன்னலுக்கு வெளியே தெரிய வேண்டும். தெரிந்த பிறகுதான் ஆள் உள்ளே போவார். ஆள் வெளியே வந்து மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்வரை கைகள் உள்ளே போகக் கூடாது.

நடுவில் ஏன் நுழைய வேண்டும் என்று கேட்கலாம். வேகனுக்கு வேகன் காற்றுக் குழாய் இருக்கிறது, அதைக் கையால்தான் மாட்ட வேண்டும். இரும்புக் கொக்கிகள் இருக்கின்றன, இரண்டு முஷ்டிகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது போலச் சேரும். சில சமயம் முஷ்டி திறக்காது. குனிந்து, இழுத்து, தட்டித் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் ஒரு சாண் நகர்ந்தாலும் நடுவில் இருப்பவர் ஒரு சாண்கூட மிஞ்சமாட்டார்.

இன்ஜின் ஓட்டியவர் சிவண்ணா. மண்டியாக் கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழை ஒருமாதிரி ஓட்டுவார். ஆரம்பத்தில் அவருக்கு இது பெரிய மானப் பிரச்சினையாக இருந்தது.

"நான் ஏனு கள்ளனா மாஸ்டர்? போலீஸ் முன்னாடி நிக்கற மாதிரி கை காட்டணுமா?"

"கள்ளனா இருந்தா பரவால்லப்பா. கள்ளன் கையி எங்க இருக்கும்னு தெரியும், நம்ம பாக்கெட்ல இருக்கும். உன் கையி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலையே."

"பிரேக் போட்டாச்சு மாஸ்டர்!"

"போட்டாச்சுன்னு நீ சொல்றே. காட்டு."

நடுவில் நுழைகிறவர் முருகேசன். கொள்ளேகால் பக்கத்து ஆள், ஒல்லி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவருக்கு இந்தச் சண்டையில் எந்தக் கட்சியும் இல்லை. மாஸ்டர் "கை! கை!" என்று கத்த ஆரம்பித்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வேடிக்கை பார்ப்பார். முடிந்ததும் "ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போவார்.

ஒரு வருடம் கம்பெனி பாதுகாப்பு வாரம் கொண்டாடியது. வாசகம் எழுதும் பொறுப்பு, நாலு புத்தகம் படித்தவன் என்ற கெட்ட பெயரால், என்மேல் விழுந்தது. "கவனமாய் வேலை செய் கண்மணியே, வீட்டில் காத்திருப்பாள் உன் பெண்மணியே" என்று எழுதினேன். சிவப்புத் துணியில் வெள்ளை எழுத்தில் பெரிய பேனராக அது சைடிங்கில் தொங்கியது. வாரம் முடிந்து போய்ப் பார்த்தால் பேனரைக் காணோம். மாஸ்டர் அதைக் கத்தரித்துக் கொடிகளாகத் தைத்து வைத்திருந்தார்.

"கம்பெனி குடுக்கற கொடி ரெண்டு மழைக்கு வெளுத்துப் போகுது சார். இது நல்ல கெட்டித் துணி. உங்க கவிதை கடைசியில ஒரு உபயோகத்துக்கு வந்துச்சு பாருங்க" என்றார், உண்மையான பாராட்டோடு.

அன்றிலிருந்து எங்கள் சைடிங்கில் அபாயத்தைக் காட்டிய சிவப்புக் கொடியில் 'கண்மணியே' என்று எழுதியிருந்தது.

சைடிங்கோடு அந்தப் பைத்தியம் நின்றிருந்தால் பரவாயில்லை. தேவராஜ மார்க்கெட்டுக்கு ஒரு தரம் அவரோடு போனேன். பூக்கடைக்கும் வாழைப்பழக் கடைக்கும் நடுவே நாலு எட்டில் கடக்க வேண்டிய தெருவை நாங்கள் ஊர்வலம் போலச் சுற்றிக் கடந்தோம். இரண்டு ஆட்டோ நின்றால் நடுவே புகமாட்டார். நின்றுகொண்டிருக்கும் தள்ளுவண்டியின் பின்பக்கம் ஒட்டிப் போகமாட்டார், அகலமாக ஒரு வளையம் போட்டுத்தான் போவார். "நிக்குதுன்னு நம்பாதீங்க சார். நிக்கறது எல்லாம் கெளம்பறதுக்குத்தான் நிக்குது" என்றார். ஆட்டோவில் வாழைத்தாரை ஏற்றும்போது ஓட்டுநரைக் கை காட்டச் சொன்னார். அவர் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார். மாஸ்டர் அதே மொழியில் இரண்டு வார்த்தை சொன்னார். வாழைத்தாரோடு நாங்கள் பஸ்ஸில் வந்தோம்.

சர்ச்சில் நடந்ததை சிவண்ணா இன்றும் சொல்லிச் சிரிப்பார். பாதிரியார் தன் ஆம்னி வேனைப் பின்னால் எடுக்க, பின்னால் யாரோ கல்லை ஒதுக்கிக்கொண்டிருக்க, மாஸ்டர் பூசை உடையிலேயே இருந்த பாதிரியாரிடம் போய், "பாதர், ரெண்டு கையையும் வெளிய" என்றாராம். பாதிரியார் நல்ல மனிதர், நீட்டினார். சர்ச் வாசலில் நின்ற கூட்டம் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டது. இரண்டு பேர் முழங்காலும் போட்டார்களாம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இப்படி ஒரு பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு ரத்தக் கதை இருந்தாக வேண்டும். படித்த புத்தகங்கள் எல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தன. ஒருநாள் டீ நேரத்தில் மெல்ல ஆரம்பித்தேன்.

"ஏன் மாஸ்டர், ரயில்வேயில இருந்தப்ப உங்க கண்ணு முன்னாடி யாராவது...?"

"யாராவது செத்திருந்தாத்தான் நான் சொல்றதை ஒத்துக்குவீங்களா சார்?"

"இல்லை, சும்மா கேட்டேன்."

"என் கேங்குல ஒருத்தனுக்கு விரல்கூடப் போகல. போகாததுக்கு என்ன கதை சொல்றது? காலைல வந்தான், வேலை செஞ்சான், சாயங்காலம் வீட்டுக்குப் போனான். கேக்க நல்லாவா இருக்கு?" டீயை ஆற்றினார். "இங்கயும் அப்படித்தான் சார் இருக்கும். நான் இருக்கற வரைக்கும் இந்த சைடிங்ல உங்களுக்கு எழுத ஒண்ணும் கெடைக்காது."

மகாராஜாவின் கைகுலுக்கலுக்கே ஏழெட்டுக் கதை வைத்திருந்தவர், இதற்கு ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

மேனேஜர் மாறினார். புதியவர் சென்னையிலிருந்து வந்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். லிஃப்ட் வருவதற்குள் பொத்தானைப் பலமுறை அமுக்குகிற ரகம். வந்த முதல் மழைக்காலத்திலேயே அடுத்தடுத்துக் கெடு தாண்டி அபராதம் விழுந்தது. மழையில் மூட்டை இறக்குவது தாமதமானது ஒரு காரணம். ஆனால் மேனேஜர் கண்ணில் பட்டது ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த சிவண்ணாவின் கைகள்தான்.

"என்னங்க இது, ஒவ்வொரு தடவையும் பூஜை மாதிரி! இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா அவரை வீட்டுக்குப் போகச் சொல்லிடுங்க" என்றார் என்னிடம்.

நான் போய் மாஸ்டரிடம் சொன்னேன், சுற்றி வளைத்து, இலக்கியமாக. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, கையை நிறுத்தணும், இல்லாட்டி நான் நிக்கணும்."

"அப்படி அப்பட்டமா இல்லை மாஸ்டர்..."

"அப்பட்டமாத்தான் சார். நான் நிக்கறேன்னு சொல்லுங்க. ஆனா நிறுத்தற வரைக்கும் கையி உண்டு."

அவருக்கு அந்த வேலை தேவையாக இருந்தது. வீட்டுக்காரம்மாவின் மருந்து, மேல்மாடி கட்டிப் பாதியில் நிற்கும் வீடு என்று மற்ற விஷயங்களில் புலம்பிக்கொண்டேதான் இருப்பார். இந்த விஷயத்தில் மட்டும் புலம்பவில்லை.

அடுத்த சரக்கு வந்த நாளும் மழை. பிற்பகல். கெடு முடியப்போகிறது. காலி வேகன்களைக் கோத்துவிட்டால் போதும். மேனேஜர் பொறுக்கமாட்டாமல் தானே சைடிங்குக்கு வந்து, யாரும் எதிர்பார்க்காத விதமாக இன்ஜினில் ஏறி சிவண்ணாவின் தோளருகே நின்றுகொண்டார். நான் கீழே குடையோடு நின்றேன். குடையை யார் தலைக்குப் பிடிப்பது என்று தெரியாமல் என் தலைக்கே பிடித்துக்கொண்டேன்.

"போ, போ, இன்னும் போ" என்று மேனேஜர் முதுகுக்குப் பின்னால் விரட்ட, சிவண்ணா வழக்கத்தைவிடக் கிட்டே கொண்டுவந்து நிறுத்தினார். இன்ஜின் தள்ளிவந்த வேகனுக்கும் நின்றிருந்த வேகனுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையும் இடம்தான் இருந்தது. கொக்கியின் வாய் மூடியிருந்தது. முருகேசன் போய்த் திறக்க வேண்டும்.

மாஸ்டர் 'கண்மணியே'வைத் தூக்கினார். "கை!"

சிவண்ணாவின் இரண்டு கைகளும் உடனே மழைக்குள் வந்தன.

மாஸ்டர் கொடியை இறக்கவில்லை. "மேனேஜர் சாரோட கையி?"

இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது. "என்னது?"

"இன்ஜின்ல எத்தனை பேர் இருக்காங்களோ அத்தனை பேர் கையும் தெரியணும் சார்."

"நான் டிரைவரா?"

"இல்ல சார். அதனாலதான் ஜாஸ்தி பயமா இருக்கு."

"விளையாடறீங்களா? டைம் என்ன தெரியுமா? முருகேசன், நீ போய்யா உள்ள!"

முருகேசன் உள்ளங்கைக்குள் எதையோ மழையில் நனையாமல் பொத்திக்கொண்டு மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கொடியில்லாத கையால் முருகேசனின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

"அவன் போகமாட்டான் சார்."

"நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்!"

"சரி சார். நாளைக்கு வரல. இன்னிக்குக் கையைக் காட்டுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன். அவர் ஆத்திரத்தில் சிவண்ணாவிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். சின்ன இன்ஜின், இரண்டு பேர் நின்றால் மூச்சுவிட இடமில்லை. திரும்பிய வேகத்தில் அவர் முழங்கை பிரேக் கைப்பிடியில் இடித்து அதை விடுவித்துவிட்டது.

இன்ஜின் சத்தமே போடவில்லை. மெல்ல, ஒரு பெருமூச்சுப் போல, தண்டவாளத்தின் லேசான சரிவில் வழிந்தது. 'டங்' என்று ஒரு ஓசை. ஆள் நுழையும் இடமாக இருந்தது இல்லாமல் போயிற்று. மூடிய இரண்டு முஷ்டிகளும் மோதி நின்றன. அதற்குள் சிவண்ணா கையை உள்ளே இழுத்துப் பிரேக்கைப் பிடித்துவிட்டார்.

மழை வேகன் கூரைகளில் பெய்யும் சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் காலரை விடவில்லை, கொடியை இறக்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "சிவண்ணா, பின்னால எடு. நல்லா தூரமா." இன்ஜின் பின்வாங்கி நின்றது. "இப்ப கையி."

நான்கு கைகள் வெளியே வந்தன. இரண்டு சிவண்ணாவுடையவை, எண்ணெய்க் கறையோடு. இரண்டு மேனேஜருடையவை, கடிகாரமும் மோதிரமுமாக.

"இன்னும் கொஞ்சம் வெளிய சார். வாட்ச் நனையும், பரவால்ல."

அப்புறம்தான் காலரை விட்டார். முருகேசன் "ஆச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார், கொக்கியைத் திறந்தார், வெளியே வந்தார். மொத்தமும் ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை.

கெடு தாண்டிவிட்டது. அபராதமும் வந்தது. மறுநாள் காலை மாஸ்டர் வழக்கம்போல வேலைக்கு வந்தார். "வர வேண்டாம்னு சொன்னாரே" என்றேன். "எழுத்துல குடுக்கச் சொல்லுங்க சார், போறேன்" என்றார். எழுத்தில் கொடுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் முழங்கை வரும். கடைசிவரை எழுத்தில் எதுவும் வரவில்லை. அவர் வேலையில் நீடித்தது நியாயத்தால் என்று நான் சொல்லமாட்டேன். மேனேஜர் அதற்குப் பிறகு சைடிங் பக்கம் வரும்போதெல்லாம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார்.

முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகுதான் மாஸ்டர் வேலையிலிருந்து நின்றார். போன வருடம் தன் வீட்டில், தன் கட்டிலில், பத்து விரல்களோடும் கறுத்த மீசையோடும் காலமானார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். சிவண்ணா வந்திருந்தார். முருகேசன் கொள்ளேகாலிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்தின் வாசல் குறுகல், பெட்டி வந்த வேனைப் பின்பக்கமாகத்தான் உள்ளே எடுக்க வேண்டியிருந்தது. பாதி வந்து வேன் நின்றது. பெட்டியை இறக்குவதற்குச் சொந்தக்காரர்கள் பின்னால் நெருங்கினார்கள். சிவண்ணா யாரிடமும் எதுவும் சொல்லாமல் வேனின் முன்பக்கம் போய் ஓட்டுநரின் ஜன்னலருகே நின்றார். சற்று நேரத்தில் இரண்டு கைகள் ஜன்னலுக்கு வெளியே வந்தன. அந்த ஓட்டுநருக்கு ஏன் என்று தெரிந்திருக்காது. பெட்டி முழுவதும் இறங்கி, தூக்கியவர்கள் விலகும்வரை சிவண்ணா அந்தக் கைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அந்த மழைநாள் ஞாபகம் வந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் முருகேசன் நின்றிருந்தார்.

"முருகேசன், அன்னிக்கு மழையில மாஸ்டர் மட்டும் உங்க காலரைப் பிடிக்கலைன்னா இன்னிக்கு நீங்க இங்க நின்னிருக்க மாட்டீங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "எந்த மழைங்க சார்?"

மேனேஜர், முழங்கை, 'டங்' என்ற சத்தம், நான்கு கைகள் எல்லாவற்றையும் என்னால் முடிந்த நடையில் சொன்னேன். முருகேசன் மரியாதையாகக் கேட்டார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, அதுங்களா! அவுரு கை கைன்னு கத்துற நேரத்துலதானுங்க சார் நான் பீடி குடிக்கறது. அன்னிக்கு அது நனஞ்சுபோச்சுங்க. வேற ஒண்ணும் நாவகமில்லீங்க."